கரை ஏறும் சத்தம்

நான் இருக்கும் இந்த ஊரில் பஸ்ஸுக்காக யாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை. கைப்பேசியைப் பார்க்கிறார்கள். நான்கு நிமிடம் என்று திரை சொன்னால் கோட்டை மாட்டுகிறார்கள், இரண்டு என்றால் கதவைப் பூட்டுகிறார்கள், ஒன்று என்றால் நிறுத்தத்தில் நிற்கிறார்கள், ஒருவருக்கொருவர் ஓர் ஆள் படுக்கும் இடைவெளி விட்டு. பிறகு பஸ் வருகிறது. வருகிறது என்று சொல்வதுகூடத் தப்பு; இல்லாத இடத்தில் திடீரென்று இருக்கிறது. ஈரத் தரையில் துணி இழுபடுவதுபோல ஒரு சின்ன உரசல், கதவு திறக்கும் பெருமூச்சு, அவ்வளவுதான். சுவீடனின் மேற்குக் கடற்கரையில் கோத்தன்பர்க் என்கிற இந்தத் துறைமுக நகரத்துக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் டீசல் பஸ்கள் ஓடின. இப்போது பெரும்பாலும் மின்சாரம். விந்தை என்னவென்றால், பாடுபட்டு எஞ்சின் சத்தத்தை ஒழித்த பிறகு, வண்டி மெதுவாகப் போகையில் நடந்து போகிறவர்களுக்குத் தெரியவில்லையே என்று ஒரு செயற்கை ஓசையைச் செய்து திரும்பவும் உள்ளே வைத்திருக்கிறார்கள். சளி பிடித்த தேனீ மூக்கால் பாடுவதுபோல ஒரு ரீங்காரம். அதைக் கேட்டு நான் முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை.

இதே வேலையில்தான் நான் இருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். டீசல் பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றும் அலுவலகம். எந்த பஸ் எந்த நேரத்தில் மின்னேற்றத்துக்கு நிற்க வேண்டும், எது எத்தனை தூரம் போய்த் திரும்பலாம் என்று அட்டவணை போடுவது என் பிழைப்பு. பிழைப்பு மட்டுமில்லை, அதில் எனக்கு நம்பிக்கையும் உண்டு. மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பும்போது பின்னாலிருந்து அடிக்கிற கரும்புகையை விழுங்கி வளர்ந்தவன் நான். சட்டைக் காலரில் படிந்த கரியை அம்மா கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சட்டைதான் கிழியும், கரி போகாது. மழை வர வேண்டிய மாதத்தில் வராமல், வரக்கூடாத மாதத்தில் வந்து நெல்லைச் சாய்ப்பதை ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். புகை போகத்தான் வேண்டும். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் எழுதவந்தது வேறு. புகையோடு சேர்ந்து எது போகும் என்று எண்ணிப் பார்க்காத ஒருவனைப் பற்றி.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு வடமேற்கே, மெயின் ரோட்டிலிருந்து விலகி, ஒரு பெரிய கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மெயின் ரோட்டில் பிரியும் பஸ் கண்மாய்க் கரைமேல் ஏறி, கரை நெடுகிலும் வந்து, மடைக்குப் பக்கத்தில் இறங்கி ஊருக்குள் நுழைந்து, திரும்ப அதே வழியாக ஆரப்பாளையம் போகும். கரை ஏறுகிற இடம் செங்குத்து. டிரைவர் இரண்டாம் கியருக்கு வருவார். பஸ் முதலில் ஒரு முனகல் முனகும், அப்புறம் உறுமும், உச்சிக்கு வந்ததும் கனைத்து மூச்சு விடும். அந்தச் சத்தம் கண்மாய்த் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்து ஊரில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழையும். தண்ணீர் இல்லாத காலத்தில் கருவேலங்காட்டுக்குள் புகுந்து கொஞ்சம் கம்மிப்போய் வரும், ஆனாலும் வரும். "கரை ஏறிருச்சு" என்று யாராவது சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் கேட்டிருக்கும். கரை ஏறியதற்கும் ஊருக்குள் வந்து நிற்பதற்கும் இடையில் ஒரு காப்பி ஆற்றிக் குடிக்கலாம், சடையைப் பின்னி ரிப்பன் கட்டலாம், மாட்டை மாற்றிக் கட்டிவிட்டுக் கால் கழுவலாம். அந்த இடைவெளி எங்கள் ஊரில் எல்லாருடைய உடம்புக்கும் தெரியும். அதனால் பஸ் நிறுத்தத்தில் யாருமே நின்றது கிடையாது. நிழற்குடையில் ஆடுகள் படுத்திருக்கும். பஸ் கரையிலிருந்து இறங்கும்போது ஊரே வெறிச்சோடிக் கிடக்கும். வந்து நின்றதும் சுவர்களிலிருந்து பிதுங்கியதுபோல் நாற்பது பேர் நிற்பார்கள்.

இதை ஒரு தடவை லேனாவிடம் சொன்னேன். எனக்கு அடுத்த மேஜையில் இருக்கிறவள், பயணிகள் எண்ணிக்கையைப் பார்ப்பது அவள் வேலை. "எங்கள் ஊரில் எல்லாரும் வீட்டில் இருந்துகொண்டே பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். சரியாக வரும்போதுதான் வெளியே வருவோம்" என்றேன். அவள் கண்கள் விரிந்தன. "அப்போதேயா? நாங்கள் அந்த வசதியைப் போன வருஷம்தானே கிராமப்புறங்களுக்குக் கொண்டுபோனோம். எந்த ஆப்?" என்று கேட்டாள். நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் அதை ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டாள். "குரல் வழிச் சேவை. பிரமாதம்" என்று சொல்லி ஒரு தாளில் குறித்தும்கொண்டாள். விளக்கச் சோம்பலாக இருந்தது. அன்றைக்கு அது எனக்கு ஒரு வேடிக்கைக் கதை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் போனில் சொல்லி இருவரும் சிரித்தோம். "நம்ம ஊரு அம்புட்டு மாடர்ன்னு அவளுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றான் அண்ணன்.

அண்ணன் சேவியர். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் விசிலைக் கழற்றி நான் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போகும்போது சட்டைக்குள் போட்டுக்கொள்வான், அவ்வளவுதான். வேலைக்குப் போன காலம் முழுக்க அதே பஸ்தான். கரை ஏறிய சத்தம் கேட்ட பிறகு குளிக்கப் போவான். மதினி வாசலில் நின்று கத்துவாள். ஈரத்தலையோடு சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே ஓடி, கிளம்பிவிட்ட பஸ்ஸோடு கொஞ்ச தூரம் வேண்டுமென்றே கூடவே ஓடி, டிரைவரிடம் "என்ன மாப்ள, உன் வண்டி இம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு ஏறுவான். நான் வெளிநாடு கிளம்பிய காலையில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவனும் அவன்தான். கரையில் பஸ் முனகியது. "கரை ஏறிருச்சு, கிளம்பு" என்றான். அந்த முனகலுக்கும் பஸ் வந்து நின்றதற்கும் நடுவில் இருந்த நேரத்தைத்தான் நான் இந்த ஊருக்குக் கொண்டுவந்தேன் என்று சில நாள் தோன்றும். வேறெதுவும் பெட்டியில் இருந்ததாக நினைவில்லை.

ஓடிக்கொண்டிருந்த அந்த மனிதனுக்குச் சிறுநீரகம் கெட்டது. சர்க்கரை அவனுக்குத் தெரியாமல் உள்ளே வேலை பார்த்திருக்கிறது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஊரில் பஸ் ஏறி ஆரப்பாளையம், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சிம்மக்கல், பாலத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. பத்து மணி மெஷின் அவனுடையது. அரை மணி தாமதமானால் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும், அவரும் நோயாளிதானே. திரும்பி வரும்போது துவைத்துப் பிழிந்த துணிபோல வருவான் என்று மதினி சொல்வாள். டீசல் புகை பட்டாலே குமட்டுகிறது, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கர்ச்சீப்பை மூக்கில் பொத்திக்கொண்டே வருகிறான் என்றாள். எனக்கு அது ஒன்றுதான் மனதில் தைத்தது. நான் புகையில்லாத பஸ்ஸில் போய்வருகிறேன், அவன் அந்தப் புகையில் போய்வருகிறான்.

அந்தச் சமயத்தில்தான் அங்கேயும் மின்சார பஸ்களைச் சோதனையாக விடப்போகிறார்கள், எந்தெந்தத் தடத்தில் விடலாம் என்று யோசிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள் என்று ஊராரைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் போன் செய்தான். "நீ எழுது தம்பி. இது உன் சப்ஜெக்ட்டு. இங்க எழுதுனா 'ஐயா அவர்கள் சமூகத்துக்கு'ன்னு ஆரம்பிச்சு அதுலயே பாதிப் பக்கம் முடிஞ்சிரும்." எழுதினேன். ஒரு ஞாயிறு முழுக்க எழுதினேன். எழுத்துமேல் எனக்கு இருக்கும் மோகம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதானே. நோயாளிகள் போய்வரும் தடம், பிள்ளைகள் படிக்கும் ஊர், பறவைகள் அடையும் கண்மாய் என்றெல்லாம் எழுதி, முடிக்கும்போது ஒரு வரி வந்து விழுந்தது: 'வருவது தெரியாமல் வந்து போவது தெரியாமல் போகும், இரைச்சலே இல்லாத ஒரு பேருந்து எங்கள் ஊருக்கு வேண்டும்.' எழுதிவிட்டு இரண்டு மூன்று தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். தாளம் தப்பாமல் இருந்தது. அண்ணன் அதில் தன் கையெழுத்தைப் போட்டு, ஊர்க்கூட்டத்தில் நின்று படித்திருக்கிறான். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை. "கை தட்டுனாங்கடா. நம்ம ராசு அண்ணன் இருக்காருல்ல, அவரே தட்டுனாரு" என்றான். ராசு அண்ணன் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். லேசில் எதற்கும் தட்டமாட்டார்.

பஸ் வந்தது. நான் எழுதியபடியே வந்தது. வெள்ளை வண்டி, பச்சைப் பட்டை, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, படம் எடுத்து அனுப்பினார்கள். அண்ணன் முன்சீட்டில் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூக்கில் கர்ச்சீப் இல்லை. அந்தப் படத்தை லேனாவிடம் காட்டினேன். அலுவலகத்தில் கேக் வாங்கினேன்; இங்கே நல்ல செய்தி வந்தவன்தான் கேக் வாங்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் பேசினான். குரலில் சிரிப்பு இருந்தது. "தம்பி, உன் பஸ் வந்துட்டுப் போயிருச்சாம்டா. எனக்குத்தான் தெரியல."

கரையில் அது முனகவில்லை. செங்குத்தில் சிரமமே இல்லாமல் ஏறி, கரை நெடுகிலும் நிழல்போல வந்து, ஆளில்லாத நிறுத்தத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. வீடுகளுக்குள் நாற்பது பேர் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை பரீட்சையைத் தவறவிட்டிருக்கிறது. பழைய டிரைவர் என்றால் ஆள் வரட்டும் என்று டீ குடித்துக்கொண்டு நிற்பார். இவர் புதிது, அடுத்த மின்னேற்றத்துக்கு நேரத்தில் போயாக வேண்டும். அந்த அட்டவணையின் நெருக்கடி எனக்குத் தெரியும். நானும் இங்கே அதைத்தான் போடுகிறேன். "நேரத்துக்கு முன்னாடி போய் நில்லுங்கண்ணே, பழகிரும்" என்றேன். "அதான் பழகிக்கிட்டிருக்கோம்" என்றான். ஆனால் அந்த பஸ்ஸுக்கு எந்த நேரம் என்று சொல்வது? மெயின் ரோட்டில் ரயில்வே கேட் மூடினால் அரைமணி பிந்தும், திறந்திருந்தால் முந்தும். களத்தில் நெல்லை விட்டுவிட்டு, அடுப்பில் உலையை விட்டுவிட்டு அரைமணி போய் ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில் யார் நிற்பார்கள்? கைப்பேசியில் பார்க்கும் வசதி அங்கே அந்தத் தடத்துக்கு வரவில்லை. சிலர் மெயின் ரோடு வரை பைக்கில் போய்விட ஆரம்பித்தார்கள். புகையைக் குறைக்க வந்த பஸ், ஊருக்குள் பைக்குகளைக் கூட்டியது.

அண்ணன் மட்டும் போய் நின்றான். செவ்வாயும் வெள்ளியும், மணி ஏழுக்கே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நிழற்குடையில் உட்கார்ந்து கரையையே பார்த்துக்கொண்டிருப்பான். வெள்ளை வண்டி கருவேல மரங்களுக்கு மேலே தலைகாட்டியதும் கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதுவான். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. பள்ளி மைதானத்தில் 'எல்லாரும் கூடுங்கள்' என்பதற்கு ஊதுகிற அதே விசில். ஊர் பிதுங்கி வெளியே வரும். இதை அவன் எனக்குப் பெருமையாகத்தான் சொன்னான். "ரிட்டையர் ஆனவனுக்கு மறுபடி வேலை குடுத்திட்டியேடா." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் தொண்டையில் கிடக்கிறது. நோயாளி ஒருவன் மூச்சை இழுத்துப் பிடித்து ஊதித்தான் ஒரு பஸ்ஸுக்கு ஆள் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணனுக்குக் காய்ச்சல். "நீ படு, நான் போய்ப் பாக்குறேன்" என்று மதினி குடையோடு போய் நின்றிருக்கிறாள். கரையில் பஸ் தெரிந்திருக்கிறது. அவள் அதை நிறுத்தக் கை காட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பஸ் கரையில் தெரிந்தால் அவனைக் கூட்டிவர நேரமிருக்கிறது என்று அவள் உடம்பு சொல்லியிருக்கிறது. முப்பது வருஷமாகச் சொன்ன உடம்பு. வீட்டுக்கு ஓடினாள். அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது நிறுத்தத்தில் டயர்த் தடத்தில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு மழைக்கு மடை பக்கம் மண் சரிந்ததால் மறுநாள் பஸ்ஸும் வரவில்லை, ஆட்டோவும் வரமாட்டேன் என்றுவிட்டது. வியாழன் காலையில் மண்ணை ஒதுக்கிய பிறகு திருமங்கலத்திலிருந்து ஒரு கார் கிடைத்தது. ஆரப்பாளையம் தாண்டி, சிம்மக்கல் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் வண்டி நின்றபோது அண்ணன் மதினியின் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டான்.

செவ்வாய்க்கிழமை வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மதினி டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். இருதயமும் பலவீனம்தான், சொல்ல முடியாதும்மா என்றிருக்கிறார். நல்ல மனிதர். சொல்ல முடியாது என்பதைவிடக் கொடிய பதில் அவருக்குத் தெரிந்திருக்காது.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேர முடியவில்லை. லேனா என் மேஜைக்கு வந்து "யாக் பெக்லாகர்" என்றாள். வருந்துகிறேன் என்று அர்த்தம். எப்படி என்று கேட்டாள். "பஸ்ஸினால்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "விபத்தா? பஸ் இடித்துவிட்டதா?" இல்லை என்றேன். "பிரேக்கா? பேட்டரி தீப்பிடித்ததா?" இல்லை, பஸ்ஸில் ஒரு குறையும் இல்லை, மிக நல்ல பஸ் என்றேன். துக்கத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்திருப்பாள். என் தோளைத் தொட்டுவிட்டு, காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். மெயின் ரோட்டில் இறங்கினால் ஊருக்குப் போக பஸ் இல்லை. விசில் நின்றதும் நிறுத்தத்தில் ஆளில்லை, ஆளில்லாததால் பதிவில் பயணிகள் இல்லை, பயணிகள் இல்லாததால் ஊருக்குள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பஸ் இப்போது மெயின் ரோட்டோடு போய்விடுகிறது. பைக்கில் வந்த ஒருவர் பின்னால் ஏறி, கரைமேல் போகும்போது கண்மாயைப் பார்த்தேன். நல்ல தண்ணீர். எந்தச் சத்தத்தையும் ஊர்வரை கொண்டுபோகிற தண்ணீர்.

ராசு அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "வாங்க வெளிநாட்டுக்காரரே. சத்தமில்லாத பஸ்ஸு கேட்டீங்க. இப்ப பாருங்க, சுத்தமாச் சத்தமே இல்ல."

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. டீயை என் கையில் வைத்தார். "குடிங்க. உங்கள மட்டும் சொல்லி என்ன? கை தட்டுனவன்தானே நானும்."

"ஒரு ஹார்ன் அடிச்சிருக்கலாமேண்ணே. கரை ஏறும்போது ஒரு ஹார்ன். டிரைவர்ட்ட யாருமே சொல்லலையா?"

அவர் பாய்லருக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்க மதினியக் கேளுங்க" என்றார்.

மதினி பின்கட்டில் அண்ணனின் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் நிமிராமலே சொன்னாள்.

"ராசு அண்ணன் மொத வாரமே டிரைவரப் புடிச்சுக் கேட்டாரு. 'ஹார்ன் அடிப்பா, ஊருக்குள்ள கேக்கட்டும்'னு. அந்தப் பையன் பாவம், போன்ல ஒரு படத்தக் காட்டுறான். உங்க ஊர்லேர்ந்து எழுதிக் குடுத்தது எங்க டிப்போவுல ஒட்டியிருக்கு, இரைச்சலே வேணாம்னு போட்டிருக்கு, நான் அடிச்சா எனக்கில்ல மெமோ வரும், வேணும்னா உங்க வாத்தியாரே ஒரு வரி எழுதித் தரட்டும், அடிக்கிறேன்ங்கிறான்."

"அண்ணன் எழுதிக் குடுத்திருக்கலாமே?"

"எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். கேக்கல." அவள் ஒரு சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "'தம்பி ஒரு நாள் பூராம் உக்காந்து எழுதுனது. அதுவும் கடைசி வரி. இப்ப நானே போயி, அது தப்பு, சத்தம் வேணும்னு எழுதிக் குடுத்தா அவன் எழுத்து என்னாகுறது? எங்கிட்ட விசில் இருக்குல்ல, நான் ஊதிக்கிறேன்'னுட்டாரு. உங்கட்டச் சொல்லக்கூடாதுன்னும் சொல்லிட்டாரு. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்களாம்."

மதினி அழவில்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அந்தக் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போயிருப்பேன்.

பூசை முடிந்து ஊரார் நாலைந்து பேர் வந்தார்கள். பஸ்ஸைத் திரும்பக் கேட்டு எழுத வேண்டுமாம். "நீங்கதான் நல்லா எழுதுவீங்க" என்று ஒருவர் தாளை நீட்டினார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாக்கியமே வரவில்லை. வந்த வாக்கியமெல்லாம் அழகாக வந்தது, அழகாக வந்ததையெல்லாம் அடித்தேன். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: 'எங்கள் ஊருக்குள் பஸ் வர வேண்டும். மின்சார பஸ்ஸே வரட்டும். நாங்கள் நிறுத்தத்தில் நிற்கமாட்டோம், வீட்டில் இருப்போம். கரை ஏறும்போது ஹார்ன் அடிக்கவும். முன்பு எழுதியது தவறு.' கீழே என் பெயரை எழுதி, அண்ணன் பெயரையும் சேர்க்கலாமா என்று யோசித்து, சேர்க்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டான்.

கிளம்பும்போது அண்ணனின் விசிலைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். நிழற்குடைத் தூணில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டியிருந்தாள் மதினி. "அது இங்கனயே இருக்கட்டும்" என்றாள். "பஸ்ஸு திரும்ப வந்து, அந்தப் பையன் ஹார்ன் அடிக்க மறந்துட்டான்னா? யாராச்சும் ஊதணும்ல. உங்க ஊர்ல அத வச்சு என்ன செய்வீங்க?" நியாயம்தான். இங்கே அதை வைத்து என்ன செய்வேன்?

திரும்பி வந்து ஒரு வாரத்தில் அலுவலகத்தில் கூட்டம். புதிதாக வரும் பஸ்களுக்கு அந்தச் செயற்கை ஓசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று ஓசைகளைப் போட்டுக் காட்டினார்கள். முதலாவது காற்றில் துணி அசைவதுபோல. இரண்டாவது தூரத்துப் புல்லாங்குழல். மூன்றாவது கரகரவென்று, வயதான ஒன்று மேட்டில் ஏறுவதுபோல. எல்லாரும் மூன்றாவதற்கு முகம் சுளித்தார்கள். என் முறை வந்தது. "மூன்றாவது" என்றேன். லேனா ஆச்சரியமாகப் பார்த்தாள். "இது வீட்டுக்குள்ளேயெல்லாம் கேட்குமே" என்றாள். "ஆமாம். அடுப்படி வரை கேட்க வேண்டும்" என்றேன். அவள் பொறுமையாக, புதிதாக வேலைக்கு வந்தவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "வீட்டுக்குள் கேட்கக்கூடாது என்பதற்குத்தானே இத்தனை வருஷம் வேலை செய்தோம்." எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். இந்த ஊரில் தெருவுக்கு மேலேயே படுக்கையறைகள், குழந்தைகள் தூங்குகின்றன. முதலாவது ஓசை தேர்வானது. கூட்டக் குறிப்பில் அதை எழுதியவன் நான்.

விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் மதினியிடம் பேசுகிறேன். "வரல" என்பாள். வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

கொஞ்ச நாளாக எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. காலையில் கோட்டை மாட்டி, ஷூவையும் போட்டுக்கொண்டு, கைப்பேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டுக்குள் ஷூ போடுவது இந்த ஊரிலும் வழக்கமில்லை, எங்கள் ஊரிலும் வழக்கமில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறேன், குளிர் உள்ளே வருகிறது. மூன்று மாடிக்குக் கீழே என் பஸ் வந்து நிற்கிறது, ஆட்கள் ஏறுகிறார்கள், போய்விடுகிறது. அடுத்ததும் அப்படியே. எனக்கு எதுவும் தெரிவதில்லை. நானே எழுதிக் கேட்டபடி, வருவது தெரியாமல் வந்து போவது தெரியாமல் போகின்றன. நான் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் கரை ஏறவில்லை, நேரமிருக்கிறது என்று.